வீட்டிலேயே பட்டறைக்கல் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தி, அரிவாள், களைக்கொத்து, கேட் கொக்கி என்று சிறு அளவில் இரும்பு அடித்துப் பழக நினைப்பவர்களுக்கு உலை ஒரு பெரிய விஷயமே இல்லை. பழைய பிரேக் டிரம்மும் ஒரு சின்ன புளோயரும் இருந்தால் உலை ரெடி. சூடான இரும்பை மேலே வைத்து அடிக்கும் கனமான இரும்புக் கட்டையான பட்டறைக்கல்லில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். நல்ல வார்ப்பு எஃகுக் கல் விலை அதிகம். மலிவாக வருபவற்றில் பெரும்பாலானவை வார்ப்பிரும்பு, அது இந்த வேலைக்கு ஆகாது. பழைய இரும்புக் கடையில் கிடைப்பதை வைத்து 20 முதல் 50 கிலோ வரையிலான கல்லை எப்படிச் செய்துகொள்வது என்பதற்கான பதில்கள் இங்கே.

கொம்பு இல்லாமல் வெறும் இரும்புக் கட்டை பட்டறைக்கல் ஆகுமா?

தாராளமாக ஆகும். நம் ஊர்க் கொல்லுப்பட்டறைகளில் மரக்கட்டையில் பதித்த சதுரக் கல்லை வைத்துத்தான் ஏர்க்கொழு, மண்வெட்டி, அரிவாள் எல்லாம் அடித்தார்கள். ஜப்பானில் வாள் அடிப்பவர்களின் கல்லும் கொம்பில்லாத கட்டைதான். ஒரு பக்கம் கூம்பும் மறுபக்கம் வாலுமாகப் படங்களில் பார்க்கும் வடிவம் ஐரோப்பாவில் வளர்ந்தது. லாடம், வளையம், வளைவுக் கம்பி போன்ற வேலைகளுக்கு அது வசதி. ஆனால் கல்லின் முதல் வேலை, அடி விழும் இடத்துக்கு நேர் கீழே அசையாமல் இரும்பு இருப்பது. முதல் கல்லைச் செய்யும் பலர் வடிவத்துக்கு ஆசைப்பட்டு, இருக்கிற இரும்பைக் கொம்புக்கும் வாலுக்கும் செதுக்கித் தள்ளிவிட்டு, நடுவில் மெலிந்த இடுப்போடு ஒரு பொம்மையைச் செய்து முடிக்கிறார்கள்.

எவ்வளவு எடை வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். சூடான இரும்பின் மேல் விழும் அடியின் ஆற்றலில் எவ்வளவு அதன் வடிவத்தை மாற்றப் போகிறது என்பதை, கல்லின் எடையை, கல்லும் சுத்தியலும் சேர்ந்த எடையால் வகுத்துத் தோராயமாகச் சொல்லலாம். 1 கிலோ சுத்தியலுக்கு 5 கிலோ கல் என்றால் 83 சதவீதம். 10 கிலோ என்றால் 91. 25 கிலோவில் 96, 50 கிலோவில் 98. ஒற்றைக் கை சுத்தியல் வேலைக்கு 25 கிலோவைத் தாண்டினால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. எதிரே ஒருவர் 4 கிலோ சம்மட்டி போடுவதாக இருந்தால் அதே 25 கிலோ கல் 86 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது 50 கிலோ தேவைப்படும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த எடை அடிக்கு நேர் கீழே ஒரே துண்டாக இருக்க வேண்டும். நீட்டிப் படுத்திருக்கும் 40 கிலோ தண்டவாளத்தைவிட, செங்குத்தாக நிற்கும் 20 கிலோ கட்டை நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

கடையில் எதைத் தேடுவது?

தமிழ்நாட்டில் சுலபமாகக் கிடைத்து, குறைந்த வேலையில் நல்ல கல்லாக மாறுவது ஜேசிபி, ஹிட்டாச்சி வண்டிகளில் பாறை உடைக்க மாட்டும் ராக் பிரேக்கரின் உளி. முனை தேய்ந்தோ ஒடிந்தோ போனபின் குவாரி, கிணறு வெட்டும் வேலை நடக்கும் ஊர்களின் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்துவிடும். பெரிய வண்டிகளின் உளி என்றால் விட்டம் 100 முதல் 150 மி.மீ. வரை இருக்கும். 140 மி.மீ. விட்டத்தில் 300 மி.மீ. நீளம் வெட்டினால் 36 கிலோ. ஏற்கெனவே கடினப்படுத்தப்பட்ட அலாய் ஸ்டீல், வாழ்நாள் முழுக்க அடி வாங்குவதற்கென்றே செய்தது. இது கண்ணில் பட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

அடுத்தது ஈஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) அல்லது ஈஎன்19 (அலாய் ஸ்டீல்) சதுரக் கட்டை. லேத், டை வேலை நடக்கும் ஊர்களில் (கோவை, அம்பத்தூர், ஓசூர் பக்கம்) துண்டு இரும்பு விற்பவர்களிடம் மீதித் துண்டாகக் கிடைக்கும். 100 × 100 × 300 என்றால் 23.5 கிலோ, 125 × 125 × 300 என்றால் கிட்டத்தட்ட 37 கிலோ.

ஃபோர்க்லிஃப்டின் நாக்கு நல்ல இரும்பு. அதை 300 நீளத் துண்டுகளாக வெட்டிச் சேர்த்து நிறுத்தலாம். லாரி ஆக்சிலின் ஃபிளாஞ்ச் முனை (அகன்ற தட்டு உள்ள முனை) சிறு வேலைக்குச் சரி. பழைய பிரஸ் டை பிளாக் கிடைத்தால் அதிர்ஷ்டம். தற்காலிகமாக ஏதாவது போதும் என்றால் 8 கிலோ சம்மட்டித் தலையை மரக்கட்டையில் பாதி புதைத்து, மேல் முகத்தில் கத்தி, உளி அளவு வேலைகளைச் செய்யலாம்.

தவிர்க்க வேண்டியது கிரஷர் தாடைத் தகடு. கனமாக, மலிவாக, ஆசை காட்டுகிற மாதிரி இருக்கும். அது மாங்கனீஸ் ஸ்டீல், காந்தம் ஒட்டாது. துளை போட்டால் டிரில் மழுங்கும். ஆனால் சுத்தியல் அடியில் முதலில் குழிந்துவிடும், பிறகுதான் இறுகும்.

என்ன இரும்பு என்று கடையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

காந்தம், அரம், கையில் ஒரு சின்ன கிரைண்டர் போதும். கிரைண்டரை மூலையில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். மைல்ட் ஸ்டீல் என்றால் நீளமான மஞ்சள் கோடுகள், கிளை பிரிவது குறைவு. கார்பன் ஏற ஏறக் கோடு குட்டையாகி மத்தாப்பு மாதிரிப் பூத்துச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி மங்கிய சிவப்பு, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே அடங்கிவிடும். பிறகு புது அரத்தை மூலையில் இழுங்கள். சுலபமாகக் கடித்துத் துகள் விட்டால் மிருது. சிரமப்பட்டுக் கடித்தால் நல்லது. கண்ணாடி மேல் போவது போல வழுக்கினால் மிகக் கடினம், அந்த இரும்பின் விளிம்பு சில்லாகத் தெறிக்கும் வாய்ப்பு உண்டு.

ரயில் தண்டவாளத்துண்டு வாங்கலாமா?

இரும்பு நல்ல இரும்பு. இந்திய ரயில்வேயின் 880 கிரேடு தண்டவாளத்தில் கார்பன் 0.60 முதல் 0.80 சதவீதம், கடினம் பிரினெல் அளவையில் 260க்குக் குறையாது. 60 கிலோ தண்டவாளம் என்றால் ஒரு மீட்டர் 60.34 கிலோ, உயரம் 172 மி.மீ., தலை (சக்கரம் ஓடும் மேல்பகுதி) அகலம் 72, பாதம் (அடிப்பகுதி) 150. 52 கிலோ தண்டவாளத்தின் உயரம் 156, தலை 67, பாதம் 136.

சிக்கல் சட்டத்தில். ரயில்வேயின் பொருள் என்று சந்தேகப்படத்தக்க ஒன்று உங்களிடம் இருந்து, அது முறையாக வந்தது என்று காட்ட முடியாவிட்டால் 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்து (சட்டவிரோத வைப்பு) சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை. கழித்த தண்டவாளத்தை ரயில்வே ஏலத்தில்தான் விற்கிறது. ஏலம் எடுத்தவரிடமிருந்து வந்தது என்பதற்கு பில்லோடு வாங்குங்கள். பில் தராத கடையில் ஒரு அடித் துண்டுகூட வேண்டாம். தொழிற்சாலை கிரேன் ஓடும் தண்டவாளம் பில்லோடு கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் இடுப்பு (தலைக்கும் பாதத்துக்கும் நடுவில் உள்ள பகுதி) தடிமன், உயரம் குறைவு.

தண்டவாளத்தைப் படுக்க வைப்பதா, நிறுத்துவதா?

நிறுத்துங்கள். படுக்க வைத்தால் அகலமான முகம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் தலைக்குக் கீழே இருப்பது 16 மி.மீ. இடுப்பு மட்டும். ஓரத்தில் அடி விழும்போதெல்லாம் தலை துள்ளும். கல் அதிர்ந்து, காதைக் கிழிக்கும். 350 மி.மீ. துண்டை (60 கிலோ தண்டவாளத்தில் 21 கிலோ) நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு அடியும் 350 மி.மீ. இரும்பின் மேல் விழுகிறது.

முகம் சிறியதாயிற்றே என்ற கவலை தேவையில்லை. தலையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 72 × 50 மி.மீ. சுத்தியலின் முகமே 35, 40 மி.மீ.தான், ஒரே நேரத்தில் அதைவிடப் பெரிய இடத்தில் அடிக்கப் போவதில்லை. நிறுத்திய தண்டவாளத்தில் இன்னொரு வசதி: தலை தட்டையாக அடிக்க, இடுப்பின் முனையை உருட்டித் தேய்த்தால் இரும்பை நீட்டி இழுக்க, பாதத்தின் நீண்ட விளிம்பு வளைக்க. கொம்பே இல்லாமல் மூன்று கருவி.

வெட்டும்போது ஒரு விஷயம். சக்கரம் ஓடி ஓடித் தலையின் மேற்பரப்பு இறுகியிருக்கும். ஹேக்சா பிளேடு அங்கே பல்லிழந்துவிடும். 14 அங்குலக் கட்டிங் மெஷினில் பாதத்தின் பக்கமிருந்து தொடங்குங்கள். ஃபிஷ் பிளேட் (இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் பட்டை) போல்ட் துளை இருக்கும் முனைத் துண்டை வாங்காதீர்கள். துளையின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும்.

படுக்க வைத்தே ஆக வேண்டும் என்றால், இடுப்பின் இரண்டு பக்கமும் தலைக்கும் பாதத்துக்கும் இடையே இறுக்கமாக உட்காரும்படி தடித்த இரும்புக் கட்டைகளைத் தேய்த்துப் பொருத்தி, எம்20 போல்ட்டால் இறுக்குங்கள். வெல்டிங் வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

ராக் பிரேக்கர் உளியை எப்படிக் கல்லாக மாற்றுவது?

வெட்டுவதற்கு முன் விரிசல் சோதனை. பிஸ்டன் வந்து மோதும் பின்முனை தட்டையாக இருக்கும். அதுவே உங்கள் முகப்பு, அதாவது மேலே வைத்து அடிக்கும் தளம். அதை வயர் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, மண்ணெண்ணெயோ டீசலோ தடவி 20 நிமிடம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மேலே ஊறி, வெள்ளையில் ஈரக் கோடாகத் தெரியும். ஓரத்தில் 3, 4 மி.மீ. ஆழத்துக்குள் இருந்தால் தேய்த்து எடுத்துவிடலாம். குறுக்கே ஓடினால் அந்த உளி வேண்டாம்.

பின்முனையிலிருந்து 300 முதல் 350 மி.மீ. விட்டு பேண்ட் சாவில் வெட்டித் தரச் சொல்லுங்கள். கேஸ் கட்டிங் வேண்டாம். அலாய் ஸ்டீலை முன்சூடு இல்லாமல் கேஸில் வெட்டினால் வெட்டிய முகம் திடீரென்று குளிர்ந்து இறுகி விரிசல் விடும். பேண்ட் சா இல்லாத ஊரில் கேஸ்தான் ஒரே வழி என்றால், 15 மி.மீ. அதிகம் விட்டு வெட்டி, அந்த முனையை அடிப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உளி உருண்டையாக இருப்பதால் நேரான விளிம்பு கிடையாது; செங்கோணத்தில் வளைக்க அது அவசியம். 140 மி.மீ. விட்டத்தில் ஒரு பக்கத்தை 12.5 மி.மீ. சீவினால் 80 மி.மீ. நீள நேர் விளிம்பு கிடைக்கும். மேலிருந்து 60 மி.மீ. ஆழம் சீவினால் போதும். மில்லிங் மெஷின் உள்ள கடையில் கார்பைடு கட்டர் போட்டுச் செய்துகொள்ளலாம். ஆங்கிள் கிரைண்டர் என்றால் பொறுமை வேண்டும்: இரும்பு நீல நிறம் ஏறினால் 300 டிகிரி எட்டிவிட்டது, அந்த இடத்தின் கடினம் இறங்கத் தொடங்கியிருக்கலாம். கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்தி, தானாக ஆறவிட்டுத் தொடருங்கள்.

இதற்கு அடியில் தகடு வெல்டிங் செய்யத் தேவையில்லை. மரக்கட்டையில் 75 மி.மீ. ஆழத்துக்கு வட்டக் குழி எடுத்து இறக்கினால் அசையாது.

வெறும் பிளேட்டுகளை அடுக்கிச் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் புத்தகம் மாதிரிப் படுக்கையாக அடுக்காதீர்கள். படுக்கையாக அடுக்கி ஓரத்தில் மட்டும் வெல்டிங் வைத்தால், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கும். அடி கீழே போகாமல் அங்கேயே செத்துவிடும். பிளேட்டுகளை நிறுத்தி, பக்கம் பக்கமாகச் சேர்க்க வேண்டும். அப்போது மேலிருந்து கீழ் வரை இடைவெளியே இல்லாத இரும்பு.

ஒரு அளவு: 20 மி.மீ. பிளேட் 5, ஒவ்வொன்றும் 300 நீளம், 200 உயரம். முகப்பு 300 × 100, எடை சுமார் 46 கிலோ. நடுப் பிளேட்டை மட்டும் 40 அகலத்தில் ஒன்று, 239 அகலத்தில் ஒன்று என்று இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். சேர்க்கும்போது இரண்டுக்கும் நடுவே 21 மி.மீ. விட்டால், வெட்டுளி, வளைப்புக் கருவிகளைச் செருகும் சதுரத் துளை டிரில்லும் அரமும் இல்லாமல் தானே உருவாகிவிடும். தடித்த இரும்பில் சதுரத் துளை போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதலில் ஒட்டும் முகங்களில் இருக்கும் கறுப்புச் செதிலைத் தேய்த்து எடுங்கள். பிறகு எல்லாப் பிளேட்டையும் தலைகீழாக, அதாவது முகப்பு கீழே இருக்கும்படி, ஒரு கிரானைட் பலகையின் மேல் நிறுத்திச் சேருங்கள். உயர வித்தியாசம் எல்லாம் அடிப்பக்கம் போய், முகப்பு ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இதைச் செய்யாதவர்கள் பிறகு மேலே 2 மி.மீ. தேய்க்க ஒரு நாள் முழுக்க கிரைண்டர் பிடிக்கிறார்கள்.

இறுக்க எம்16, 8.8 கிரேடு போல்ட் 4, துளை 17.5 மி.மீ. முகப்பிலிருந்து 60 மி.மீ.க்குக் கீழேதான் துளை வர வேண்டும், சதுரத் துளையைக் குறுக்கே வெட்டவும் கூடாது. சதுரத் துளை இருக்கும் முனையிலிருந்து 85 மி.மீ. தள்ளியும் மறுமுனையிலிருந்து 40 மி.மீ. தள்ளியும் போட்டால் சரியாக வரும். இறுக்கியபின் அடிப்பக்கத்தையும் இரண்டு முனைகளையும் வெல்டிங் செய்யுங்கள். மேலே நான்கு இணைப்புக் கோடுகளிலும் 10 மி.மீ. ஆழ வி-பள்ளம் தேய்த்து நிரப்பி மட்டமாக்குங்கள். பள்ளத்தை நிரப்பாமல் விட்டால் அடிக்கும் சூடான இரும்பில் அந்தக் கோடெல்லாம் தழும்பாக விழும். ஒரே கோட்டைத் தொடர்ந்து ஓட்டினால் முழுக் கட்டையும் வாழைப்பழமாக வளையும், 50 மி.மீ. இங்கே, 50 மி.மீ. எதிர்முனையில் என்று மாற்றி மாற்றி வையுங்கள்.

சாதாரண ஐஎஸ் 2062 மைல்ட் ஸ்டீல் பிளேட் என்றால் குறி தவறிய அடி ஒவ்வொன்றும் முகப்பில் குழி போடும். சூடான இரும்பை அடிக்க அது தடையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேய்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் சி45 (ஈஎன்8 போன்ற நடுத்தரக் கார்பன் எஃகு) பிளேட்டில் இதையே செய்யுங்கள்.

மைல்ட் ஸ்டீல் கட்டை மேல் 10 மி.மீ. கடினத் தகடு ஒன்றை வெல்டிங் செய்தால் போதாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. போதாது. ஓரத்தில் மட்டும் ஒட்டிய மெல்லிய தகடு, நடுவில் கீழே தொடாமல் மிதக்கும். பறை மாதிரி அதிரும், துள்ளல் (அடித்த சுத்தியல் தானாக மேலே எழும்புவது) இருக்காது. நாளடைவில் அடியில் இருக்கும் மிருதுவான இரும்பு அமுங்கித் தகடு குழியும், பிறகு ஓர வெல்டிங் விரியும். ஹார்டாக்ஸ் 450, 500 போன்ற தேய்மானத் தகடுகளுக்கு இன்னொரு பிரச்சினை: அவை 250 டிகிரிக்கு மேல் சூடேறினால் கடினத்தை இழக்கத் தொடங்கும். ஓரம் முழுக்க வெல்டிங் ஓட்டியபின் கல்லின் விளிம்பு, அதாவது அதிகம் அடி வாங்கும் இடம், மிருதுவாகிவிடும். அந்தத் தகடு கையில் இருந்தால் மேலே சொன்ன மாதிரி நிறுத்தி, போல்ட் மட்டும் போட்டு இறுக்குங்கள்.

எந்த வெல்டிங் ராடு? முன்சூடு எவ்வளவு?

தெரு முனை வெல்டிங் கடையில் கிரில் கேட்டுக்குப் பயன்படுத்தும் 6013 ராடு இதற்கு ஆகாது. 7018 கேளுங்கள். ஆனால் ஈரம் இழுத்த 7018 ராடும் ஆகாது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் கடினமான இரும்புக்குள் புகுந்து, வெல்டிங் முடிந்து பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடவைக்கும். ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் கோடு விழுந்திருக்கிறது என்றால் இதுதான் காரணம். பிரித்துவைத்த பாக்கெட் என்றால் 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது காயவைத்து, சூடாக இருக்கும்போதே பயன்படுத்துங்கள். 3.15 மி.மீ. ராடுக்கு 110 முதல் 130 ஆம்பியர், டிசி, ராடு பாசிட்டிவ்வில்.

மைல்ட் ஸ்டீல் பிளேட்டை 100 டிகிரி வரை சூடாக்கினால் போதும். ஈஎன்8, சி45 கட்டைக்கு 200 முதல் 250. தண்டவாளத்துக்கு 300க்கு மேல், அதுவும் வேலை முடியும்வரை இறங்கக் கூடாது. 20 கிலோ இரும்பை அப்படி வைத்திருப்பது வீட்டில் நடக்கிற காரியமில்லை. அதனால்தான் தண்டவாளத்தில் வெல்டிங்கே வேண்டாம் என்கிறோம். சூட்டை அறியத் தனிக் கருவி இல்லையென்றால் தண்ணீர் தெளியுங்கள்: கொதித்துப் பொங்கினால் 100ஐத் தாண்டியிருக்கிறது; துளி ஒட்டாமல் உருண்டு ஓடினால் ஏறத்தாழ 200 ஆகிவிட்டது. முடிந்ததும் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புப் பொடியிலோ புதைத்து மறுநாள் எடுங்கள்.

முகப்பைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்துக் கடினப்படுத்த வேண்டுமா?

பிரேக்கர் உளிக்கும் தேய்மானத் தகட்டுக்கும் கூடவே கூடாது. தண்டவாளம் அப்படியே போதும். மைல்ட் ஸ்டீலில் எவ்வளவு சூடாக்கினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, கார்பன் போதாது. மீதி இருப்பது ஈஎன்8, ஈஎன்19 கட்டைகள். இவற்றை ஹீட் ட்ரீட்மென்ட் கடையில் கொடுத்து, முகப்பின் கடினம் ராக்வெல் சி அளவையில் 45 முதல் 50 வரை வேண்டும் என்று சொல்லி வாங்குவதே நல்லது. கிலோ கணக்கில்தான் கூலி.

வீட்டிலேயே ஈஎன்8ஐச் செய்வதென்றால்: மேல் 50 மி.மீ. பகுதி 840 டிகிரி எட்ட வேண்டும். காந்தம் ஒட்டுவது 770 டிகிரி வாக்கில் நிற்கும். அதிலிருந்து இன்னும் ஒரு சாயல் பிரகாசமாகி, சூடு உள்ளே இறங்கும்வரை பத்து நிமிடம் பிடியுங்கள். தோய்க்கும்போது முகப்பைக் கீழே பார்க்க வைத்து இறக்குவதுதான் வழக்கமான தவறு. அடியில் நீராவி சிக்கிக்கொண்டு, நடுவில் தண்ணீர் படாமல், ஓரம் இறுகி நடு மிருதுவாக நின்றுவிடும். முகப்பை மேலே வைத்து, 2 அங்குலக் குழாயில் மோட்டார் தண்ணீரை நேராக நடுவில் விழவிடுங்கள். 200 லிட்டர் டிரம் போதுமா என்று சந்தேகம் வரும்: 25 கிலோ கட்டை முழுக்கச் சூடாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் 16 டிகிரி வாக்கில்தான் ஏறும். அளவைவிட ஓட்டம் முக்கியம். தோய்த்த உடனே, இரும்பு கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே 220 முதல் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் பதப்படுத்துங்கள். இதை மறுநாளுக்குத் தள்ளினால் மூலை தானாக வெடித்துப் பிரியலாம். ஈஎன்19க்குத் தண்ணீர் கூடாது, எண்ணெய். அத்தனை எண்ணெயில் அத்தனை சூடான இரும்பு என்றால் தீப்பிடிக்கும் அபாயம். கடைக்கே கொடுத்துவிடுங்கள்.

விளிம்பைக் கூர்மையாக விடலாமா?

கூடாது. கூர்மையான விளிம்பில் வளைத்த இரும்பின் உள்மூலையில் மடிப்பு விழுந்து, பின்னால் அந்த இடத்தில் ஒடியும். கடினப்படுத்திய கல் என்றால் கூர் விளிம்பு சில்லாகத் தெறித்துக் கண்ணுக்கு வரும். பக்கத்துக்கு ஒரு அளவாக 2, 4, 6 மி.மீ. ஆரத்தில் உருட்டி வையுங்கள். வேலைக்கு ஏற்ற பக்கத்தைப் பயன்படுத்தலாம். கூர் விளிம்பு தேவைப்படும் அரிதான வேலைக்கு, சதுரத் துளையில் செருகும் தனித் துண்டு செய்துகொள்ளலாம்.

முகப்பு எவ்வளவு மட்டமாக இருக்க வேண்டும்?

நேர்விளிம்பு வைத்துப் பார்த்தால் அரை மி.மீ. வெளிச்சம் தெரிவது பிரச்சினையே இல்லை. 40, 80, 120 என்று ஃபிளாப் டிஸ்க் மாற்றித் தேய்த்தால் போதும். கண்ணாடிப் பளபளப்பு வீண் வேலை.

கட்டைக்கு எந்த மரம்? எவ்வளவு உயரம்?

புளி முதல் தேர்வு. கறிக்கடைக்காரர்கள் அதையே வெட்டுக்கட்டையாக வைத்திருப்பதற்குக் காரணம் அது பிளக்காது என்பது. வேம்பு, கருவேலம், பூவரசு எல்லாம் சரி. இழை மேல் நோக்கி நிற்க வேண்டும். பச்சை மரம் காயக்காய வெடிக்கும் என்பதால் 40 × 5 பட்டையில் இரண்டு வளையம் போடுங்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா ஏற்றுவது போலத்தான்: 300 மி.மீ. விட்டக் கட்டையின் சுற்றளவு 942. வளையத்தின் உட்சுற்றை 938 ஆக வைத்து, மங்கிய சிவப்பு வரை சூடாக்கி இறக்கித் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் 60 செ.மீ. மண்ணில் புதைப்பதாக இருந்தால் அந்தப் பகுதிக்குக் கழிவு எண்ணெய் தடவாதீர்கள், மண் கெடும். கரையானுக்கென்று விற்கும் மருந்தை அடித்துவிட்டு, சுற்றிலும் ஜல்லி போட்டு இடியுங்கள்.

நின்று அடிப்பவர் நேராக நின்று, முஷ்டி மடக்கிக் கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி இருக்கும் உயரமே கல்லின் முகப்பு. நடுத்தர உயரக்காரருக்கு 70 செ.மீ. வாக்கில் வரும். எதிரே சம்மட்டி போட ஆள் உண்டென்றால் 5 செ.மீ. குறையுங்கள். இரண்டு நாள் அடித்தபின் முதுகு வலித்தால் கல் தாழ்வு, தோள் வலித்தால் உயரம். சதுரத் துளை உள்ள கல்லுக்குக் கட்டையில் அந்த இடத்துக்கு நேர் கீழே பக்கவாட்டில் திறக்கும் சாய்வுக் குழி ஒன்று வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் செதில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். இறுகிய கருவியைக் கீழிருந்து தட்டி எடுக்கவும் வழியிருக்காது.

பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்களே?

நியாயம்தான். கல்லுக்கும் கட்டைக்கும் நடுவே சிலிக்கான் சீலன்ட் ஒரு படலம் தடவி, போல்ட் இறுக்குங்கள். ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பெரிய காந்தத்தை முகப்புக்குக் கீழே பக்கவாட்டில் ஒட்டினால் ஓசை சட்டென்று அடங்கும். இடுப்பில் கனமான சங்கிலியைச் சுற்றினாலும் சரி. ஓசை குறைந்தால் துள்ளல் குறையாது; இரண்டுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் காதுக்கு அடைப்பான் எப்போதும் வேண்டும்.

நல்ல கல்லா என்று எப்படிச் சோதிப்பது?

லாரி பேரிங்கிலிருந்து 20, 25 மி.மீ. குண்டு ஒன்றை எடுத்து, 25 செ.மீ. உயரத்திலிருந்து விடுங்கள். கடினப்படுத்திய நல்ல முகப்பில் 20 செ.மீ. அளவுக்கோ அதற்கு மேலோ எழும்பும். நிறுத்திய தண்டவாளத்தில் 15 முதல் 17. மைல்ட் ஸ்டீலில் பாதியைத் தொடுவதே கஷ்டம். ஓரிடத்தில் மட்டும் திடீரென்று குறைந்தால் அந்த இடத்துக்குக் கீழே இடைவெளியோ விரிசலோ இருக்கிறது. முகப்பு முழுக்க 3 செ.மீ.க்கு ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

கொம்பு வேண்டும் என்றால்?

கல்லோடு சேர்க்காமல் தனியாகச் செய்யுங்கள். பழைய டிராக்டர் ஆக்சில் அல்லது 50 மி.மீ. ஈஎன்8 ராடில் 200 மி.மீ. நீளக் கூம்பை லேத்தில் எடுத்து, அடியில் துளையைவிடச் சற்றே சிறிய சதுரத் தண்டு விட்டு எல் வடிவில் வளைத்தால் சதுரத் துளையில் செருகலாம். வெல்டிங் வைத்து ஒட்டிய கொம்பு, நுனியில் விழும் அடியின் நெம்பலால் வேரில் விரிசல் விடும்.

கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய ஆபத்து எது?

பெயின்ட், துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பைத் தேய்த்து வெள்ளையாக்கிய பிறகே வெல்டிங். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு ஈரம் காயும்முன் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். ஆள் சாகும் அளவு ஆபத்து. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். 30 கிலோ துண்டைக் கிரைண்டர் போடும்போது வைஸில் பிடிக்க முடியாது. மரக் கட்டைகளுக்கு நடுவே ஆப்பு வைத்து இறுக்குங்கள். காலில் விழுந்தால் செருப்பு காப்பாற்றாது.

செய்து முடித்த கல்லை எப்படிப் பராமரிப்பது?

சுத்தியலால் வெறும் கல்லைத் தட்டும் பழக்கம் வேண்டாம். இரண்டு கடின இரும்பு மோதினால் ஏதாவது ஒன்று தெறிக்கும். கறுத்து ஆறிய இரும்பை அதன் மேல் அடிக்காதீர்கள். உளியால் வெட்டும்போது கடைசி அடிக்கு முன் கீழே ஒரு மைல்ட் ஸ்டீல் தகட்டை வையுங்கள். குழி விழுந்தால் தேய்க்க அவசரம் வேண்டாம், அது அடிக்கும் இரும்பில் தழும்பு போடத் தொடங்கியபின் பார்த்துக்கொள்ளலாம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஒரு ராத்திரியில் துரு ஏறிவிடும். வேலை முடிந்து கல் இளஞ்சூடாக இருக்கும்போதே தேன்மெழுகோ என்ஜின் ஆயிலோ தேய்த்து, சாக்குப் போட்டு மூடிவிடுங்கள். மழைக்காலத்தில் சாக்கு ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரச் சாக்கு வெறும் காற்றைவிட வேகமாகத் துரு ஏற்றும்.